படிப்பதா, களத்தில் இறங்குவதா? இனவெறியை எதிர்க்க நினைக்கும் குழு எங்கே தொடங்கலாம்

ஒரு குடியிருப்பிலோ தொழிற்சங்கத்திலோ வழிபாட்டுத் தலத்திலோ சிலர் ஒன்றுகூடி, "இனவெறிக்கு எதிராக நாமும் ஏதாவது செய்ய வேண்டும்" என்று உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "நமக்கே விஷயம் முழுசாகத் தெரியாது, முதலில் படிப்போம்" என்று ஒரு தரப்பு. "படித்துக்கொண்டே இருந்தால் வருஷம் ஓடிவிடும், இறங்கி வேலை பார்ப்போம்" என்று இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட குழுவிடம் இருப்பது மாதத்துக்குச் சில மாலைகளும் கொஞ்சம் பணமும் ஆரம்ப உற்சாகமும்தான். அதை எதில் போடுவது என்று முடிவு செய்தே ஆகவேண்டும்.

வழக்கமாக நான்கு யோசனைகள் வரும். வல்லுநர் ஒருவரை அழைத்துப் பயிற்சி நடத்துவது, சேர்ந்து படிப்பது, வேறு இனத்தவரோடு கலந்து பழக ஏற்பாடு செய்வது, கண்ணெதிரே நடக்கும் அநியாயம் ஒன்றைக் கையில் எடுத்துப் போராடுவது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான்காவதில் தொடங்கி, அது கேட்கிற அளவுக்குப் படிப்பைச் சேர்த்துக்கொள்வதுதான் சரி. மற்ற மூன்றையும் ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்பதைப் பார்ப்போம்.

ஒருநாள் பயிற்சி

பல குழுக்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். ஏற்பாடு சுலபம். ஒரு தேதி, ஒரு அறை, ஒரு பயிற்றுநர். சாயங்காலம் வீடு திரும்பும்போது எல்லோருக்கும் ஒரு நிறைவு. இதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது ஸ்டார்பக்ஸ் நிறுவனம். 2018 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள அதன் கடையொன்றில், ஒருவரைச் சந்திப்பதற்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின ஆண்கள் எதுவும் வாங்கவில்லை என்பதற்காகப் போலீஸ் அழைக்கப்பட்டு, அவர்கள் கைதானார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. மே 29 அன்று பிற்பகல் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை மூடிவிட்டு, ஏறக்குறைய 1,75,000 ஊழியர்களுக்கு இனப் பாகுபாடு பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். பத்திரிகைகள் பெரிதாக எழுதியது அந்தப் பிற்பகலைப் பற்றித்தான். ஆனால் அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. எதுவும் வாங்காவிட்டாலும் யார் வேண்டுமானாலும் கடையில் உட்காரலாம் என்று விதியை மாற்றினார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய காரியம். ஊழியரின் மனதில் என்ன ஓடினாலும், போலீஸைக் கூப்பிடக் காட்டிய காரணமே இந்த விதியால் இல்லாமல் போகிறது. 2025 ஜனவரியில் அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். போராடிப் பெற்ற விதியைக் காவல் காக்கவும் ஆள் தேவை.

பயிற்சி பற்றிய ஆய்வுகளும் உற்சாகம் தருவதாக இல்லை. நம்மையறியாமல் மனதில் ஊறிக் கிடக்கும் பாரபட்சத்தைக் குறைக்கும் ஒன்பது முறைகளை எடுத்து, அவை எத்தனை காலம் தாக்குப்பிடிக்கின்றன என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. ஒன்பதுமே உடனடியாகப் பலன் தந்தன. சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் ஒன்பதின் பலனும் கரைந்துவிட்டது. சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கேலவும் அமெரிக்க நிறுவனங்களின் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள். மேலாளர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய நிறுவனங்களில், ஐந்தாண்டு கழித்து மேலாளர் பதவிகளில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது என்று அவர்கள் கண்டார்கள். கட்டாயப்படுத்தினால் ஆட்கள் முறுக்கிக்கொள்கிறார்கள். விருப்பப்பட்டு வருகிறவர்களுக்கு நடத்திய பயிற்சியின் பலன் இதைவிட மேலாக இருந்தது.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே இதைத் தன் அனுபவத்திலிருந்து சொன்னவர் ஒரு தமிழர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இலங்கையில் தமிழருக்கு எதிரான 1958 கலவரத்துக்குப் பின் லண்டனுக்குப் போனவர் அம்பலவாணர் சிவானந்தன். போய் இறங்கிய அதே ஆண்டு, லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்களுக்கு எதிரான வன்முறையைப் பார்த்தார். பிறகு அங்குள்ள இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகரானார். பெருநிறுவனங்களின் பணத்தில், கொள்கை வகுப்போருக்காக நடந்துகொண்டிருந்த அந்த அமைப்பை, 1972இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் சேர்ந்து, பாதிக்கப்பட்ட மக்களின் பக்கம் திருப்பினார்கள். அதில் முன்னின்றவர் அவர். 1980களில் பிரிட்டனில் இனவெறி விழிப்புணர்வுப் பயிற்சிகள் பெருகியபோது, 1985இல் அவற்றைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: இனவெறியை வெள்ளையரின் மனக்கோளாறு என்று சுருக்கிவிட்டால், அது அதிகாரத்தைப் பற்றிய கேள்வியாக இருப்பது நின்றுபோகிறது. வேலை, வீடு, காவல், குடியேற்றச் சட்டம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, தனிமனிதர்கள் மட்டும் குற்றவுணர்வில் உழல்கிறார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடச் சரியான கணிப்பை நான் படித்ததில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பான ஒரு திறமைக்காக வைத்தால் நிச்சயம் உதவும். பேருந்தில் ஒருவரை இனத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள் என்றால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம், புகாரை எப்படி எழுதினால் தூக்கிப் போடமாட்டார்கள், எந்தச் சட்டம் எதற்குப் பொருந்தும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் வரும். மனதை மாற்றும் பயிற்சிக்கு முதல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

படிப்பு வட்டம்

இதற்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒழுங்காக நடந்தால், பயிற்சியால் முடியாத ஒன்றைச் செய்யும்: இனவெறி என்றால் கெட்ட மனிதர்களின் கெட்ட குணம் என்ற எண்ணத்தை உடைக்கும். லண்டனில் 18 வயது மாணவர் ஸ்டீபன் லாரன்ஸ் 1993 ஏப்ரல் 22 அன்று பேருந்துக்காகக் காத்திருந்தபோது வெள்ளை இளைஞர் கும்பலால் குத்திக் கொல்லப்பட்டார். போலீஸ் விசாரணை ஆரம்பத்திலிருந்தே சொதப்பலாக நடந்தது. பெற்றோர் டொரீனும் நெவிலும் விடாமல் போராடியதால் அமைக்கப்பட்ட மக்ஃபர்சன் விசாரணை, 1999 பிப்ரவரியில் லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி இருப்பதாகச் சொன்னது. வழக்கங்களும் நடைமுறைகளுமே, யாரும் திட்டமிடாமலும்கூட, ஒரு மக்களுக்கு அநீதி இழைக்க முடியும் என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. இதை ஒரு குழு உட்கார்ந்து நிதானமாகப் பேசினால், "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்ற பேச்சு தானாக அடங்கும். அதன்பின் பேச்சு எந்த விதி, எந்தப் படிவம், யாருடைய முடிவு என்று நகரும்.

படிப்பு வட்டத்தின் நோய் வேறு. அது முடியாது. ஒரு நூலுக்குப் பின் இன்னொன்று, அதற்குப் பின் இன்னொன்று. நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. குழுவில் பாதிக்கப்பட்ட இனத்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால், அவர்கள் தங்கள் காயத்தை வாரம்தோறும் பாடமாக எடுத்துக்காட்ட வேண்டியதாகிவிடும். மற்றவர்கள் கண்கலங்கக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சொன்னவர் மறுநாள் அதே வேலையிடத்துக்கு, அதே மேலாளரிடம் போக வேண்டும். இது நியாயமே இல்லை. படிப்பு வட்டம்தான் என்று முடிவெடுத்தால், முடிவுத் தேதி ஒன்றையும், பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்றையும் வைத்துத் தொடங்குங்கள். "இனவெறி என்றால் என்ன" என்பது அப்படிப்பட்ட கேள்வி அல்ல. "நம் பள்ளியில் இடைநீக்கம் செய்யப்படும் பிள்ளைகள் யார், அதை முடிவு செய்வது யார்" என்பது அப்படிப்பட்ட கேள்வி.

கலந்து பழகுவது

பழகினால் வெறுப்பு போகும் என்பது நல்ல எண்ணம் மட்டும் இல்லை, ஆதாரமும் இருக்கிறது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இலேயே அதற்கான நிபந்தனைகளை வகுத்தார். பழகுகிறவர்கள் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொது இலக்கு வேண்டும், போட்டியாக இல்லாமல் ஒத்துழைப்பாக இருக்க வேண்டும், அமைப்பின் ஆதரவும் வேண்டும். 2006இல் பெட்டிகுரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்று காட்டினார்கள்.

ஆனால் எவ்வளவு தூரத்துக்கு? ஈராக்கின் வடக்கில், ஐஎஸ் வன்முறையால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து ஆய்வாளர் சல்மா மூசா ஒரு சோதனை நடத்தினார். அது 2020இல் வெளியானது. முஸ்லிம்களோடு ஆடிய கிறிஸ்தவ வீரர்கள், முஸ்லிம்கள் இல்லாத அணியினரைவிட அதிகமாக, நற்பண்பு விருதுக்கு மற்ற அணியிலுள்ள முஸ்லிம் வீரருக்கு வாக்களித்தார்கள், அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆடப் பதிவு செய்தார்கள். மைதானத்துக்குள் மாற்றம் உண்மையானது. மைதானத்துக்கு வெளியே, முகம் தெரியாத முஸ்லிம்களோடு கலக்கும் விஷயத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

எனக்கு இன்னும் உறுத்தலாக இருப்பது வேறொரு முடிவு. சாகுய், டாஷ், டோவிடியோ, பிராட்டோ ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. இணக்கமான பழக்கத்துக்குப் பிறகு, பலம் குறைந்த தரப்பினர் மற்றவர்கள் தங்களை நியாயமாக நடத்துவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஏற்றத்தாழ்வைப் பற்றிய அவர்கள் கவனமும் குறைந்தது. பலம் கூடிய தரப்போ, பங்கிடும்போது முன்புபோலவே தன் பக்கம் சாய்ந்தது. நட்பு வந்தது, நியாயம் வரவில்லை. ஆகவே விருந்தும் விளையாட்டும் மட்டுமே ஒரு குழுவின் திட்டமாக இருந்தால், கேட்க வேண்டியவர்களின் குரலை அது தணித்துவிடக்கூடும். பழக்கம் வேண்டும்தான். ஒரே வேலையைத் தோளோடு தோள் நின்று செய்யும்போது வருகிற பழக்கம் அது. ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகளும் அதற்குத்தான் பொருந்துகின்றன.

அநியாயம் ஒன்றைப் பிடித்துக்கொள்வது

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம், 1963. நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழி நிறுவனத்தின் மேல் மட்டும் இல்லை. தொழிற்சங்கக் கிளையே 1955இல் அப்படித் தீர்மானம் போட்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய மேற்கிந்தியர் சிலர் சேர்ந்து வைத்திருந்த சிறிய குழு ஒன்று, இளைஞர் நல அலுவலரான பால் ஸ்டீஃபன்சனோடு சேர்ந்து செய்த முதல் வேலை எவ்வளவு எளிமையானது என்று பாருங்கள். தகுதியுள்ள கை பெய்லி என்ற இளைஞருக்காக ஸ்டீஃபன்சன் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வேலை காலியாக இருக்கிறது என்றார்கள், நேர்காணலுக்கு நேரமும் கொடுத்தார்கள். வரப்போகிறவர் மேற்கிந்தியர் என்று தெரிந்ததும் நேர்காணல் இல்லை என்றாகிவிட்டது. அவ்வளவுதான். அதுவரை வதந்தியாக இருந்தது சாட்சியமாகிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். பழைய கிரிக்கெட் வீரரும் அப்போது டிரினிடாட் டொபேகோவின் தூதராக லண்டனில் இருந்தவருமான லியரி கான்ஸ்டன்டைன் பகிரங்கமாக ஆதரவு தெரிவித்தார். அந்த நேரத்தில் பிரிட்டனில் இனத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பது சட்டப்படி குற்றம்கூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 28 அன்று நிறுவனம் தடையை நீக்கியது. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நகரின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநரானார். 1965இல் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது, 1968இல் அது வேலைக்கும் வீட்டுக்கும் விரிந்தது. அந்தச் சட்டங்களுக்கு வழிவகுத்தவற்றில் பிரிஸ்டலும் ஒன்று.

அந்தத் தொலைபேசி உத்தியை இப்போதும் எந்தக் குழுவும் செய்யலாம். வீட்டு வாடகைக்கு ஒரே வருமானம், ஒரே குடும்ப அளவு, வேறு வேறு இனத்தைக் காட்டும் பெயர்கள் என்று இரண்டு பேர் விசாரித்துக் குறிப்பெடுப்பதற்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு உண்டு. அப்படிச் சோதிக்கப் போய்ப் பொய்த் தகவல் பெற்றவரும் வழக்குப் போடலாம் என்று 1982இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே சொன்னது. வேலை விண்ணப்பத்திலும் இதே முறைதான். பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய, 2004இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், வெள்ளையர் பெயர் போட்டவை சுமார் பத்துக்கு ஒரு அழைப்பைப் பெற்றன. கறுப்பினத்தவர் பெயர் போட்டவைக்கு ஒரு அழைப்பு வர பதினைந்து தேவைப்பட்டது. எமிலி, கிரெக் என்பதற்குப் பதில் லகீஷா, ஜமால் என்று மாற்றியதுதான் வித்தியாசம். ஆனால் உங்கள் நாட்டில் இப்படிச் சோதிப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இந்த வழியின் குறை, ஆபத்து அதிகம் என்பது. தோற்கலாம். வேலை போகலாம். மிரட்டல் வரலாம். அந்த ஆபத்து எல்லோர் தலையிலும் சமமாக விழாது. குடியுரிமை உறுதியானவருக்கும் விசாவில் இருப்பவருக்கும் ஒரே ஊர்வலம் ஒரே அளவு செலவு வைப்பதில்லை. ஆகவே யார் பெயரில் கடிதம் போகிறது, யார் கேமரா முன் நிற்கிறார்கள் என்பதைக் குழு பேசி முடிவு செய்ய வேண்டும். என்ன கோருவது என்பதைப் பாதிக்கப்பட்டவர் தீர்மானிக்கட்டும். அலைச்சலையும் முன்னால் நிற்கும் வேலையையும் இழக்க அதிகம் இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

படிப்பும் போராட்டமும் பிரியாத இடம்

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம், அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஜான்ஸ் தீவு. 1950களில் அங்கே கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. எசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலையாட்களைப் பேருந்தில் ஏற்றிச் செல்பவர். ஓட்டிக்கொண்டே அந்தப் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மனப்பாடம் செய்வது போதாது, நிஜமாகவே படிக்கக் கற்க வேண்டும் என்று ஒரு பெண் கேட்டார். அங்கிருந்து 1957 ஜனவரியில் ஒரு வகுப்பு பிறந்தது. ஒரு கட்டடத்தின் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. வெளியாள் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும். ஆசிரியை பெர்னீஸ் ராபின்சன், தொழிலால் சிகையலங்காரக் கலைஞர். பட்டம் பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்றே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகளின் பாடநூல்களை முதலில் கொண்டுவந்தார், வளர்ந்தவர்களுக்கு அவை பொருந்தவில்லை என்று உடனே ஒதுக்கினார். உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயரெழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளைகள் எழுதும் கடிதத்தைப் படிக்க வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டமானது. பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வகுப்பு கேட்டு வந்தார்கள். 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு தென் மாநிலங்கள் முழுக்கப் பரப்பியது.

இந்த வகுப்புகளின் பின்னால் இருந்தது, தொழிலாளர்களுக்கும் உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியும் அங்கே பொறுப்பில் இருந்த செப்டிமா கிளார்க்கும். 1955 கோடையில் அதே பள்ளியின் பயிலரங்குக்கு வந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். அந்த டிசம்பர் முதல் தேதி மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் அவர் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்ததைத் திடீர்க் கோபமாகக் கதை சொல்வார்கள். அவர் 1943 முதலே கறுப்பின மக்களின் உரிமை அமைப்பின் ஊர்க்கிளைச் செயலராக வேலை பார்த்தவர். அதே ஊரின் பெண்கள் அமைப்பு, பேருந்துப் புறக்கணிப்பு வரலாம் என்று மேயருக்கு 1954 மே மாதமே எழுதியிருந்தது. பார்க்ஸ் கைதான இரவே ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சிட முடிந்தது அதனால்தான்.

சரி, உங்கள் குழுவுக்கு எது?

குழுவில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டவர்கள் என்றால், இனவெறி என்றால் என்ன என்று கற்பிக்கும் எந்தக் கூட்டமும் வீண். அவர்களுக்குச் சட்டமும் உத்தியும் வேண்டும். நடக்கும் சம்பவங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் நேராகத் தொடங்கலாம். கிழக்கு லண்டனில் நியூஹாம் கண்காணிப்புத் திட்டம் 1980இல் ஓர் ஆசிய இளைஞரின் கொலைக்குப் பிறகு அப்படித்தான் தொடங்கியது. தாக்கப்பட்டவர்கள் கூப்பிட அவசர எண், சம்பவங்களின் பதிவு, காவல் நிலையத்துக்குக் கூடப் போக ஆள். பெரும்பாலோர் பாதிக்கப்படாதவர்கள் என்றால், குறுகிய காலப் படிப்பு ஒன்று அவசியம். ஆனால் அதற்கு முன்பே, பாதிக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே நடத்தும் அமைப்பு ஊரில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் புதுக் குழு தேவையில்லை. அங்கே போய் என்ன உதவி வேண்டும் என்று கேட்டாலே போதும். கலவையான குழு என்றால், எல்லோரையும் தொடுகிற ஒரு முடிவைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளி, வாடகை, வேலைச் சேர்க்கை, போலீஸ் சாலையில் நிறுத்திச் சோதிப்பது.

தமிழ்க் குழுக்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நிறத்துக்காக அவமானப்பட்ட நாமே உள்ளுக்குள் சாதி பார்க்கிறோம். இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1965இல் ஏற்கப்பட்டது. அதிலுள்ள வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் தெளிவாக்கியது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். கூட்டத்தில் தலித் உறுப்பினர் இதை எழுப்பினால் "இப்போது அது வேண்டாம், பிளவு வரும்" என்று அடக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையர் நம்மிடம் சொல்லும் அதே வாசகம் அது. முதல் கூட்டத்திலேயே இதைப் பேச இடம் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் பதிவேடு. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதல் வாரமே தொடங்கலாம். தேதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்பது சொன்ன வார்த்தையிலேயே, யார் பார்த்தார்கள், யாரிடம் புகார் போனது, என்ன பதில் வந்தது. சம்பவத்தைச் சொல்பவரின் சம்மதம் இல்லாமல் பெயர் வேண்டாம். தகவல் எங்கே பூட்டி வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்பதை அவரிடமே சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த ஏட்டைப் புரட்டி, ஒரே அலுவலகமோ ஒரே விதியோ திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால், குழு அடுத்து என்ன படிக்க வேண்டும், யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கும்.